ஏழிலிருந்து ஒன்பது வரை

மூன்றாவது தடவையாகக் கரோலின் கம்ப்யூட்டரில் போஸ்டரை உருவாக்கும் பொத்தானை அமுக்கினாள். திரையில் சிலுவை வந்தது, அப்பாவின் படம் வந்தது, 'இறைவனில் இளைப்பாறினார்' என்ற வரியும் வந்தது. கீழே துயருறும் குடும்பத்தார்: மனைவி சிலுவையம்மாள், மகள் கரோலின், மருமகன் வில்சன். அவள் இப்போதுதான் கையால் அடித்துச் சேர்த்த தம்பியின் பெயரை மட்டும் காணோம்.

"செத்தும் புடிவாதத்த வுடலியே நைனா," என்றாள் திரையைப் பார்த்து. கோபம்தான் முதலில் வந்தது. அழுகை அதற்குப் பின்னால் காத்துக்கொண்டிருந்தது.

முன்னறையில் ஐஸ் பெட்டிக்குள் அம்புரோஸ் படுத்திருந்தார். விடியற்காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், எழுந்திருக்கவில்லை. துறைமுகத்தில் முப்பத்தைந்து வருடம் ஒரே படிவத்தை ஒரே மாதிரி நிரப்பிய மனிதர். ரிட்டையர் ஆனதும் அந்த ஆத்திரத்தையெல்லாம் வீட்டுக் கம்ப்யூட்டரில் காட்டினார். யூடியூப் பார்த்து, வேலையைத் தானாகச் செய்யும் கட்டளை வரிகளை, மேக்ரோவை, எழுதக் கற்றுக்கொண்டார். ஒரு வேலையை இரண்டாம் தடவை கையால் செய்வது அவருக்குத் தலைகுனிவு. கோயிலில் யார் யாருக்காகப் பூசை என்ற பட்டியலிலிருந்து வீட்டு மளிகைச் சீட்டு வரை ஒரே அமுக்கில் வந்து விழும். தெருவில் யார் செத்தாலும் மரண அறிவிப்பு போஸ்டரை இலவசமாகச் செய்து கொடுப்பவரும் அவர்தான். குடும்பப் பட்டியலிலிருந்து மேக்ரோவே பெயர்களை எடுத்து நிரப்பிக்கொள்ளும். யாராவது கையால் எதையாவது சேர்த்தால் அழித்துவிட்டுத் தன் பட்டியல்படி திரும்ப எழுதும். அவரைப் போலவேதான்.

ராயபுரத்தில் போஸ்டரில் பெயர் இருந்தால்தான் வீட்டு ஆள். மதியத்துக்குள் கல்மண்டபம் வரை ஒட்டிவிடுவார்கள். பஸ்ஸுக்கு நிற்கிறவன் சாவு யாருடையது என்று பார்த்த கையோடு, எந்தப் பெயர் விட்டுப்போயிருக்கிறது என்றும் பார்ப்பான்.

தம்பி சாவியோ ஆறு வருடம் முன்பு ஷிஜியைக் கல்யாணம் செய்துகொண்டது, கத்தோலிக்கரல்லாத அவள் வீட்டாரின் சபையில். பங்குச் சாமியாருக்கும் சொல்லவில்லை, அப்பாவுக்கும் சொல்லவில்லை. அன்றிலிருந்து அம்புரோஸ் மகன் பெயரை வாயால் சொன்னதே இல்லை.

போன் அடித்தது. பிரஸ்காரன் தப்ரேஸ். "யக்கா, பத்துக்குள்ள ஃபைல அனுப்புக்கா. நாலு மணிக்கு அடக்கம்னா, ஒட்டறதுக்கு டைம் வாணாவா?"

சத்தம் கேட்டு அம்மா வந்து நின்றாள். "இன்னாடி பண்ணிகினுகீற?"

"தம்பி பேர சேக்கறேம்மா."

"அவரு எப்டி வெச்சாரோ அப்டியே போவட்டும்," என்றாள் சிலுவையம்மாள். "ஆறு வருசம் அவரு மொகத்துக்கு நேரா நான் ஒரு வார்த்த கேக்கல. கண்ண மூடினதும் அவரு பண்ணதுல கை வெக்கவா?"

அந்த நேரத்தில்தான் சாவியோ வந்தான், மீஞ்சூரிலிருந்து, தனியாக. அங்கே கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருந்தான். பெட்டியருகில் கொஞ்ச நேரம் நின்றான். உட்காரச் சொல்ல யாருமில்லாமல், அக்காவைத் தேடி உள்ளே வந்தான். திரையைப் பார்த்ததும் விஷயம் புரிந்துவிட்டது.

"வுடுக்கா. பேரு இல்லாட்டி இன்னா இப்போ," என்றான். குரல் அப்படிச் சொல்லவில்லை.

"நீ ஒக்காரு மொதல்ல. எனுக்கு இது ஒண்ணும் புரில."

உட்கார்ந்து மேக்ரோவைத் திறந்தான். கீழே இறங்கிக்கொண்டே போனவன் ஓரிடத்தில் நின்றுவிட்டான்.

"பேரு கீதுக்கா."

குடும்பப் பட்டியலைத் திறந்து காட்டினான். தலைப்புகளுக்கும் மற்றவர்களுக்கும் கீழே, ஏழாவது வரிசையில் சாவியோ. எட்டில் ஷிஜி. ஒன்பதில் எல்சி, பேத்தி, பிறந்த தேதியோடு. கரோலின் ஒருமுறை போனில் குழந்தையின் படத்தைக் காட்டியபோது, அப்பா தாகம் என்று எழுந்து போய்விட்டார். தேதியை யாரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டாரோ.

"அப்பால ஏண்டா வர மாட்டேங்குது?"

"இந்த ஒரு லைனுதான். ஏழுலேர்ந்து ஒம்போது வரிக்கும் எடுக்காம தாண்டிப் போன்னு எழுதிக்கீறாரு. மொதல்ல எட்டோட நின்னிருக்கும். பாப்பா பொறந்தப்புறம் ஒம்போதுன்னு மாத்திக்கீறாரு."

பேத்தியைச் சேர்த்ததும் அவர்தான், தாண்டிப் போகச் சொன்னதும் அவர்தான். இரண்டையும் ஒரு பிழையும் இல்லாமல் செய்திருந்தார். கரோலினுக்கு அப்போதுதான் அழுகை வந்தது.

"எட்த்துடு," என்றாள்.

"நான் எடுக்க மாட்டேன். அது அவரு எழுதினது." கைகளை மடியில் வைத்துக்கொண்டான். போன் மறுபடி அடித்தது. யாரும் எடுக்கவில்லை.

சிலுவையம்மாள் கதவைப் பிடித்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். கிட்டே வந்தாள்.

"எல்சி பேரு கீதா அதுல?"

"கீதும்மா."

"அவரேவா போட்டாரு?"

"அவருதாம்மா."

"எந்த லைனு, காட்டு."

சாவியோ அந்த வரியின் கடைசியில் கொண்டுபோய் நிறுத்தி, அழிக்கும் விசையைக் காட்டினான். வீட்டைப் பெருக்கும்போதுகூட அந்த மேசையைத் தொடாதவள், ஆள்காட்டி விரலை வைத்து அழுத்தினாள். வரி எழுத்தெழுத்தாகப் போயிற்று. அவள் விரலை எடுக்கவில்லை. அதற்கு மேலிருந்த வரி போயிற்று, அதற்கும் மேலிருந்தது போயிற்று.

"போதும்மா," என்றாள் கரோலின். அம்மா அழுத்திக்கொண்டே இருந்தாள்.

சாவியோ அந்த விரலைப் பிடித்து மெல்லத் தூக்கினான். அதை விடாமல், இன்னொரு கையால் போன வரிகளை ஒவ்வொன்றாகத் திரும்ப வரவழைத்தான். அப்பாவின் வரிகள் எல்லாம் வந்தன. அந்த ஒரு வரி திரும்பி வருமுன் நிறுத்திக்கொண்டான்.