முந்நூறு பொன்னாடையும் ஒரு கம்பளியும்

பொதுச்சேவைக்கு எப்படி வந்தீர்கள் என்று மேடையில் யாராவது கேட்டால், ஆல்பர்ட் முழுச் சொம்புத் தண்ணீரையும் குடித்து முடித்துவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவார். காரணம் இருக்கிறது.

வார்டு மெம்பர் தேர்தலில் அவர் ஜெயித்தது மூன்றே ஓட்டில். தோளில் விழுந்த பொன்னாடையோ முந்நூறு. ஓட்டுப் போடாதவர்கள்தான் முதலில் வந்து போர்த்தினார்கள். வீட்டு பீரோ அத்தனையையும் விழுங்கிவிட்டு, வாயை மூட முடியாமல் நின்றது. ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குச் சேலை எடுக்கப் போன அவர் மனைவி மார்கரெட், ஜரிகைச் சரிவில் இடுப்புவரை புதைந்து போனாள். இழுத்துத்தான் மீட்க வேண்டியிருந்தது.

அந்த மீட்புப் பணியில்தான் ஆல்பர்ட்டுக்குச் சேவை எண்ணம் உதித்தது. கல்வராயன் மலையில் மார்கழிக் குளிர். ஏழைகளுக்குப் போர்வை கொடுத்தால் புண்ணியம்; படம் பேப்பரில் வந்தால் அடுத்த முறை ஒன்றியக் கவுன்சிலர் சீட்டு. சொந்த வார்டில் கொடுக்க முடியாது. போர்த்தியவனே அடையாளம் கண்டுகொள்வான்.

மார்கரெட் ஒன்றை விரித்து வெளிச்சத்தில் பிடித்தாள். அந்தப் பக்கம் நின்ற புருஷன் மூக்கும் முழியுமாகத் தெரிந்தார்.

"இத்த போத்திக்கினா குளிரு ஜாஸ்தியாவுமே தவிர கம்மியாவாதுங்க."

"குடுக்கற மனசத்தான் பாக்கணும்" என்றார் ஆல்பர்ட்.

'கம்பளி வழங்கும் விழா' என்று ஃபிளெக்ஸ் அடித்து, ஒரு நிருபரையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு, வெள்ளிமலை தாண்டி ஒரு சிற்றூருக்குப் போனார். அன்றைய குளிரில் ஜீப்பின் ஹாரனே இருமியது. சாமை அடிக்கும் களத்தில் எண்பது பேர் கூடினார்கள். ஆளுக்கொரு பொன்னாடை கொடுத்து முடித்தார். ஒருவர்கூடப் போர்த்திக்கொள்ளவில்லை. மடிப்புக் கலையாமல் கையில் பிடித்தபடி, ஒருவர் பின் ஒருவராக அவர் எதிரே வரிசை கட்டினார்கள்.

அவர்களைக் குற்றம் சொல்வதற்கில்லை. எந்தப் பெரிய மனிதர் மலையேறினாலும், கூட வருபவர்கள் ஊராரின் கையில் பொன்னாடையைத் திணித்து, போய்ப் போர்த்தச் சொல்வார்கள். வெகுகாலமாக அதுதான் வழக்கம். பொன்னாடை என்றால் வந்தவருக்குப் போர்த்துவது. தனக்கென்று ஒருவன் கொடுப்பான் என்று யார் கண்டது?

வரிசையில் முதலில் நின்ற கொளஞ்சியம்மாள் வந்து போர்த்தினாள். தடுக்க வாயைத் திறந்த ஆல்பர்ட் அப்படியே மூடிக்கொண்டார். 'இது பொன்னாடை இல்லை, கம்பளி' என்று எந்த முகத்தோடு சொல்வது? இருபதாவதில் காது மறைந்தது, நாற்பதாவதில் மூக்கு. எண்பதாவதில் தேர்ச்சீலை சுற்றிய குட்டித் தேர் ஒன்று களத்தில் நின்றது. உள்ளே இரண்டு கண்கள். நிருபர் விடாமல் படமெடுத்தார். பின்னால் 'கம்பளி வழங்கும் விழா'.

யாரும் சிரிக்கவில்லை. அதுதான் அவரைக் கொன்றது. அவமானத்தில் உடம்பு வெடவெடத்தது. கொளஞ்சியம்மாள் அதைக் குளிர் என்று நினைத்தாள். வீட்டுக்குள் போய், கருப்புக் கம்பளி ஒன்றை எடுத்து வந்து, ஜரிகையெல்லாம் உரித்துப் போட்டுவிட்டு அதைப் போர்த்தினாள்.

"அதெல்லாம் மினுக்குதான், குளிரு தாங்காது. இத்த போத்திக்கினு எறங்குங்க."

"உங்களுக்குங்க?"

"எனக்கு அடுப்பு கீது."

அது புகை வாசம் அடித்தது. கனத்தது. அன்று அந்தக் களத்தில் கைமாறிய ஒரே கம்பளி அதுதான், வாங்கிக்கொண்டவர் மெம்பர். மலைப்பாதை முழுக்க நிருபரிடம் படத்தைப் போட வேண்டாம் என்று கெஞ்சிக்கொண்டே இறங்கினார். வீட்டில் மார்கரெட், இது ஏது, கொடுத்தவர்களுக்கு வேறு இருக்கிறதா என்று மட்டும் கேட்டாள். ஆல்பர்ட் சோற்றுத் தட்டை நகர்த்திவிட்டு, கம்பளியை மடித்து வைத்தார்.

மறுநாள் ஆசை ஆசையாக வைத்திருந்த புல்லட்டை விற்றார். உளுந்தூர்பேட்டையில் கடை கடையாக ஏறி எண்பது கம்பளி வாங்கினார். அதற்கடுத்த நாள் ஃபிளெக்ஸ் இல்லை, நிருபர் இல்லை. பஸ் கூரையில் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு அதே களத்தில் போய் இறங்கினார்.

கொளஞ்சியம்மாளின் கம்பளியை முதலில் அவள் கையில் கொடுத்தார். அடுத்து ஒரு புதுக் கம்பளி. அவள் தடவிப் பார்த்தாள். பின்னால் ஊரே மறுபடி வரிசை கட்டிவிட்டது.

"இத்தயும் ஒங்களுக்கே போத்தணுங்களா, இல்ல நாங்களே வெச்சிக்கலாமா?"

"நீங்களே வெச்சிக்கணுங்க" என்றார் ஆல்பர்ட், அவள் கால் விரல்களைப் பார்த்துக்கொண்டு.