விட்டுக்கொடுத்த வாக்கியம்

அலுவலகத்தில் எல்லாரும் அவளை வக்கீலம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். வீட்டில், தலை நரைக்கத் தொடங்கிய பிறகும், பாப்பாதான். வெளியுறவு அமைச்சகத்தின் சட்டப் பிரிவில் வேலை. கைத்துப்பாக்கி, ரைபிள் மாதிரியான ஆயுதங்களை யாருக்கு விற்கலாம், யாருக்கு உரிமம் தரலாம் என்று உலக நாடுகள் கூடி ஓர் ஒப்பந்தம் எழுத உட்கார்ந்தபோது, போகிற குழுவில் அவளையும் சேர்த்திருந்தார்கள்.

கிளம்புவதற்கு முன் அக்கா வீட்டுக்குப் போய்த் தலையைக் காட்டிவிட்டு வரலாம் என்று போனாள். அக்கா கட்டில் மேல் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அத்தான் வேலைக்குப் போயிருந்தார். தனியார் காவல் நிறுவனம் ஒன்றில், வங்கிகளுக்குப் பணம் ஏற்றிப் போகும் வண்டிகளுக்கு அவர்தான் பொறுப்பு. வேலைக்கென்று கொடுத்த துப்பாக்கி அவரோடு வீட்டுக்கும் வரும், போகும். பாப்பா பேச்சுவாக்கில்தான் சொன்னாள்: இந்த ஒப்பந்தத்தில் பெண்களைப் பற்றியும் ஒரு வாக்கியம் சேர்க்கப் பார்க்கிறோம், துப்பாக்கியைக் கொடுப்பதற்கு முன்னால், அது போய்ச் சேரும் வீட்டில் இருக்கிற பெண்களுக்கு ஆபத்து உண்டா என்று விசாரிக்க வேண்டும் என்று.

அக்கா கையிலிருந்த சட்டையை மடிக்காமல் அப்படியே மடியில் வைத்துக்கொண்டாள்.

"அவரு என்னை அடிச்சதே இல்ல பாப்பா. கை ஓங்கினதுகூட இல்ல. பேச்சு முத்திப்போச்சுன்னா, அதை எடுத்துச் சாப்பாட்டு மேசை மேல வைப்பாரு. அவ்வளவுதான். அப்புறம் ரொம்பத் தன்மையா பேசுவாரு. நானும் சரி சரின்னுடுவேன்."

இந்த அத்தான்தான் பாப்பாவைச் சட்டக் கல்லூரியில் சேர்த்துவிட்டவர். பரீட்சைக்குப் பரீட்சை வாசலில் வெயிலில் நின்றவர். எவ்வளவு காலமாக இது நடக்கிறது என்று கேட்க நினைத்தாள்; பதிலுக்குப் பயந்து கேட்கவில்லை.

"பேரு சொல்லாம இதை அங்க சொல்லு," என்றாள் அக்கா. "யாருக்காவது பிரயோஜனப்படட்டும்."

மாநாட்டில் ஒவ்வொரு பத்திக்கும் ஒரு சின்ன அறை. பெண்களைப் பற்றிய பத்திக்குக் கிடைத்தது ஜன்னல் இல்லாத அறை. சுவரில் திரை, திரையில் ஒப்பந்தத்தின் வாசகம். சண்டையில் இருக்கிற சொற்களையெல்லாம் சதுர அடைப்புக்குள் போட்டிருப்பார்கள். ஒத்துக்கொண்டால் அடைப்பு போகும், இல்லாவிட்டால் சொல்லே போகும். குழுத் தலைவரைப் பெரியவர் என்பார்கள். நல்ல மனுஷர், ஓய்வு பெறப் போகிறவர். அந்தப் பத்தியை அவளிடமே விட்டுவிட்டார்.

எதிரே உட்கார்ந்தவர் பெரிய நாடு ஒன்றின் பிரதிநிதி. தடித்த கண்ணாடி போட்டவர். ஆயுத ஒப்பந்தம் என்பது எல்லையைப் பற்றியது, படுக்கையறையைப் பற்றியது இல்லை என்பது அவர் கட்சி. அவள் புள்ளிவிவரங்களை அடுக்கினாள். அவர் வேறு புள்ளிவிவரங்களை அடுக்கினார். மேசையைச் சுற்றி, குறிப்பெடுக்கும் பெண்ணைத் தவிர, எல்லாரும் ஆண்கள். அக்கா சொன்னது நாக்கு நுனி வரை வந்து வந்து திரும்பிப் போயிற்று. 'இந்தப் பொண்ணு உணர்ச்சிவசப்படாம பேசும்' என்று பெரியவர் நாலு பேர் நடுவில் சொல்லியிருந்தார். அந்தப் பெயரை அவள் பாடுபட்டுச் சம்பாதித்திருந்தாள். அடுப்படிக் கதை பேச வந்துவிட்டாள் என்று ஒருவன் உதட்டைச் சுழித்தால்கூட அது போய்விடும் என்று நினைத்தாள்.

கடைசி நாள் மத்தியானம் மற்ற அறைகளெல்லாம் காலியாகிவிட்டன. சிலர் பெட்டியைக் காலடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எல்லா நாடும் ஒத்துக்கொண்டால்தான் ஒப்பந்தம், இந்த ஒரு அடைப்பால் மொத்தமும் கவிழ்ந்துவிடும் என்று ஆளாளுக்கு வந்து காதில் ஓதினார்கள். அவளுக்கும் அப்படித்தான் பட்டது. மைக்கை முன்னால் இழுத்து, அந்த வாக்கியத்தை எடுத்துவிடச் சம்மதம், முன்னுரையில் 'பெண்கள்' என்று ஒரு சொல் வந்தால் போதும் என்றாள். திரையிலிருந்து வாக்கியம் மறைந்தது. எல்லாரும் கைதட்டினார்கள். பெரியவர் எழுந்து வந்து, பிரமாதம் என்று முதுகில் தட்டினார்.

தேநீர் மேசையில் கண்ணாடிக்காரர் அவளைத் தேடி வந்தார். கோப்பையைக் கிளறிக்கொண்டே நின்றார்.

"காலையிலேயே எங்க தலைநகரத்துல இருந்து உத்தரவு வந்துடுச்சு. சாயங்காலம் வரைக்கும் பிடிச்சுப் பாரு, அவங்க விடலன்னா ஒத்துக்கோன்னு. நீங்க முந்திக்கிட்டீங்க."

அவர் குரலில் குத்தல் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

"எனக்கும் பொண்ணுங்க இருக்காங்க," என்றார். "நீங்க விட மாட்டீங்கன்னு நெனச்சேன்."

அவள் ஏதோ சொல்லிச் சிரித்து வைத்தாள். கோப்பையைப் பாதியிலேயே மேசையில் வைத்துவிட்டு வெளியே நடந்தாள்.

ஊருக்குத் திரும்பியதும் அத்தான் விருந்து வைத்தார். செய்தித்தாளில் வந்த குழுப் படத்தை வந்தவர்களிடமெல்லாம் காட்டி, நம்ம பாப்பா உலகத்துக்கே சட்டம் எழுதிட்டு வந்திருக்கா என்று பூரித்துப்போனார். அவள் சமையலறைக்குள் நழுவினாள். அக்கா பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"அது வந்துச்சா?" என்று திரும்பாமலே கேட்டாள்.

பாப்பா எல்லாவற்றையும் விளக்கினாள்: அடைப்பு, ஒருமித்த முடிவு, முன்னுரை, சில வருஷம் கழித்து வரப்போகும் மறுஆய்வு. நீதிமன்றத்தில் வாதாடுகிற மாதிரி அவள் குரல் அவளுக்கே கேட்டது. அக்கா குழாயை மூடினாள்.

"நான் சொன்னதைச் சொன்னியா?"

பொய் சொல்லியிருக்கலாம். ஒரு கணம் யோசிக்கவும் செய்தாள்.

"சொல்லலக்கா."

"எம்புள்ளைங்ககிட்டகூட நான் அதைச் சொன்னதில்ல," என்றாள் அக்கா. பிறகு ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, வந்தவர்களுக்குத் தண்ணீர் எடுத்துப் போனாள்.

அக்கா கோபித்துக்கொள்ளவில்லை. வழக்கம்போலப் போன் பண்ணுவாள். முட்டிவலி, காய்கறி விலை, பக்கத்து வீட்டுக் கல்யாணம், எல்லாம் பேசுவாள். வீட்டுல எப்படி இருக்கு என்று பாப்பா மெல்ல ஆரம்பித்தால், நல்லாத்தான் இருக்கோம் என்று முடித்துவிடுவாள். சின்ன வயதில் ஒரே போர்வைக்குள் கிடந்து எதையும் மறைக்காமல் பேசியவள். அந்த ஒரு கதவை மட்டும் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டாள். தட்டிப் பார்க்கிற தைரியம் பாப்பாவுக்கும் வரவில்லை. அத்தான் ஓய்வு பெற்றார். துப்பாக்கியை நிறுவனத்தில் ஒப்படைத்துவிட்டாராம். அதைக்கூட அவர் வாயால்தான் கேள்விப்பட்டாள்.

மறுஆய்வு மாநாடு வந்தபோது குழுவுக்கு அவளே தலைவி. இந்தத் தடவை புள்ளிவிவரத்தை மூடி வைத்துவிட்டு, ஒரு பெண் இருக்கிறாள், பெயர் வேண்டாம் என்று ஆரம்பித்தாள். சொல்லச் சொல்ல, காகிதம் புரட்டும் சத்தம் நின்றது. அவள் முடித்ததும் வேறொரு நாட்டுப் பிரதிநிதி, வயதான பெண்மணி, மைக்கை அழுத்தி, என் தங்கை வீட்டிலும் இதேதான் என்று மட்டும் சொல்லிவிட்டு அதை அணைத்தாள். இரண்டாம் நாள் வாக்கியம் உள்ளே போயிற்று. 'இயன்றவரை' என்ற சொல்லை ஒட்டவைத்துத்தான் விட்டார்கள், ஆனாலும் போயிற்று.

தாழ்வாரத்துக்கு வந்து அக்காவுக்குப் போன் போட்டாள்.

"அந்த வாக்கியம் வந்துடுச்சுக்கா. இந்தத் தடவை உன் கதைய சொன்னேன்."

மறுமுனையில் தொலைக்காட்சி ஓடுவது கேட்டது.

"எந்தக் கதை?" என்றாள். "இரு, அத்தான் பக்கத்துலதான் இருக்காரு. தரேன்."

அத்தான் பேசினார். சாப்பிட்டாயா, அங்கே குளிரா, எப்போது வருகிறாய் என்று ஒவ்வொன்றாக விசாரித்தார். குரல் நன்றாகத் தளர்ந்திருந்தது. அவள் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். உள்ளே அடுத்த அமர்வுக்குக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். இன்னொரு தடவை அக்காவிடம் கொடுங்க என்று கேட்டாள். அவர் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, மாடிக்குத் துணி எடுக்கப் போயிட்டாம்மா என்றார்.