ஊஞ்சலில் தொங்கிய மேடை

குழாய்க்கடைக்காரர் வீட்டின் பின்பக்க மேடை சில வருடங்கள் இரண்டு ஊஞ்சல்களில் தொங்கிக்கொண்டிருந்தது. ஊஞ்சல்தான் மேடையில் தொங்க வேண்டும்; முதலில் அப்படித்தான் தொங்கியது, பிறகு மாறிப்போனது. அந்தத் தெருவில் வாடகை ஏறிய கதையைச் சொல்கிற அதே சாதாரணக் குரலில்தான் இதையும் சொல்வார்கள்.

மேடை என்பது, மாடியில் சாப்பாட்டு அறைக் கதவைத் திறந்தால் கால் வைக்கிற பலகைத் தளம். தரையிலிருந்து எழும்பிய மரக்கால்கள், அவற்றின் மேல் குறுக்குச் சட்டங்கள், சட்டங்களின் மேல் விரல் நுழையும் இடுக்கு விட்டு அடித்த பலகைகள். அதன் அடியில் வாசல் வைத்த சின்ன அறையில் குழாய்க்கடைக்காரரின் தங்கை தன் இரண்டு பெண்பிள்ளைகளோடு இருந்தாள். அவள் புருஷன் வேறு ஊரில் வேறு குடும்பத்துக்குப் புருஷனாகிப் பல காலம் ஆகியிருந்தது. வாசலிலேயே மேசை போட்டு, தெருவில் உள்ளவர்களின் துணியைத் தேய்த்துக் கொடுத்துப் பிழைத்தாள். தேய்த்துக்கொண்டே பிள்ளைகளைக் கண்ணில் வைத்துக்கொள்ளலாம் என்றுதான், மேடைக்கு அடியில் இரண்டு ஊஞ்சல் மாட்டித் தரச் சொல்லித் தச்சரைக் கூப்பிட்டாள்.

தச்சருக்கு அரைச்சுற்று என்று பட்டப்பெயர். நட்டை முடுக்கி முடித்த பிறகும் இன்னொரு அரைச்சுற்று முடுக்காமல் கையை எடுக்க மாட்டார். அதில் பாதி நட்டு மரை தேய்ந்து குப்பைக்குப் போகும். அவர் செய்த இழுப்பறையைத் திறக்க இரண்டு ஆள் வேண்டும். ஆனால் ஊஞ்சல் விஷயத்தில் மனுஷர் பிடிவாதமாக இருந்தார். பலகையில் கொக்கி அடிக்க மாட்டேன், பலகை வெறும் தோல் என்றார். கனமான சட்டங்களாகத் தட்டிப் பார்த்து, நடுவில் துளை போட்டு, வளையம் வைத்த போல்ட்டைக் கீழிருந்து ஏற்றி, மேலே அகலமான வாசர் வைத்து நட்டு போட்டு, அதன் தலையில் இன்னொரு நட்டும் போட்டார். பிள்ளைகள் ஆடும்போது முட்டி இடிக்காதபடி கால்களை விட்டுத் தள்ளி இடம் பார்த்தார். கயிறு அறுக்கும் என்று சங்கிலி மாட்டினார். கடைசியில் தன் மச்சானைக் கூட்டிவந்து மடியில் உட்காரவைத்துக்கொண்டு தானே ஆடினார்.

"ரெண்டு பேரும் சேர்ந்தா ஒரு எருமை தேறுவோம். தாங்குது பாரு."

"விழாதுல்லண்ணே?" என்று தங்கை கேட்டாள்.

"மேடை விழுந்தாலும் ஊஞ்சல் விழாதும்மா."

எதையும் கூட்டிச் சொல்கிற ஆள் என்பதால் யாரும் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

குழாய்க்கடைக்காரருக்கு நாலு பேரைக் கூப்பிட்டு மேடையில் உட்காரவைத்துச் சோறு போடுவதென்றால் உயிர். ஊருக்கெல்லாம் குழாய் விற்றவர், அங்கே கை கழுவ வைத்த தொட்டிக்கு ஒரு முழம் குழாய் போடவில்லை. கழுவிய தண்ணீர் பலகை இடுக்கில் இறங்கியது. அதன் பின்னால் கொப்பளித்த தண்ணீர், மிச்சக் குழம்பு, சப்பிய எலும்பு, மீன் முள், சிகரெட் சாம்பல், காறித் துப்பிய கோழை எல்லாம் இறங்கின. பிள்ளைகள் தலையில் பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்துக்கொண்டு ஆடினார்கள். கீழே பிள்ளைங்க இருக்கே என்று யாராவது கேட்டால், அதுங்களுக்குப் பழகிடுச்சு என்று வாயைத் துடைத்துக்கொள்வார். மரக்கால்களில் கொழுப்பு ஏடாகப் படிந்தது. அதில் வெள்ளைக் காளான் பூத்தது, காளானில் புழு நெளிந்தது. விரலால் குத்தினால் பாலில் ஊறிய ரொட்டிபோல் விரல் உள்ளே போனது. தங்கை சொன்னபோதெல்லாம், பார்க்கலாம் என்றார். பார்க்கவில்லை.

ஒரு மத்தியானம், மேலே பந்தி நடந்துகொண்டிருந்தபோது, கால்கள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக மாவாய் உதிர்ந்தன. சுவரோடு பிடித்திருந்த சட்டம் எப்போதோ விட்டுப்போயிருந்தது. மேடை விழவில்லை. பெரியவளும் சின்னவளும் ஊஞ்சலில் இருந்தார்கள். சின்னவள் பயந்து குதித்ததும் அவள் பக்கம் மேடை ஒரு சாண் இறங்கி, மேலே தட்டுகள் சரிந்தன. திரும்ப ஏறி உட்கார்ந்ததும் மேடையும் ஏறி நின்றது. குழாய்க்கடைக்காரர் மூக்கில் கைக்குட்டையோடு இறங்கிவந்து, கால்கள் இருந்த இடத்தைப் பார்த்தார், பிள்ளைகளைப் பார்த்தார்.

"அப்படியே உட்காருங்க தங்கம். மாமா சொல்றவரைக்கும் எழுந்திரிக்கக் கூடாது."

"அண்ணே, மரக்காலை மாத்துங்க."

"மாத்தினா மேல ஒரு மாசம் ஆளைக் கூப்பிட முடியாது. ஊஞ்சல்ல உட்காரணும்னு நீங்கதானே கேட்டீங்க? நல்லா உட்காரட்டும்."

தங்கை தானே உட்கார்ந்து பார்த்தாள். மேடை அவளைக் கணக்கில் எடுக்கவில்லை, அந்தப் பக்கம் இறங்கியே நின்றது. குழாய்க்கடைக்காரரின் மகனை உட்காரவைத்தார்கள். அவனையும் எடுக்கவில்லை, அதற்குள் மேலிருந்து ஒரு கொப்பளிப்பு முகத்தில் விழ, அவன் அழுதுகொண்டே மாடிக்கு ஓடிவிட்டான். ஆகவே அந்த இரண்டு பேர்தான் என்றாயிற்று. ஒருத்தி இருந்தால் மேடை சாயுமே தவிர விழாது என்பதால், பெரியவள் காலையிலும் சின்னவள் மத்தியானத்திலும் பள்ளிக்குப் போனார்கள். பந்தி நாட்களில் இரண்டு பேருக்கும் பள்ளி இல்லை. தூங்கும்போது விழாமல் இருக்கத் தங்கை பழைய புடவையால் அவர்களைச் சங்கிலியோடு கட்டினாள். எத்தனை தடவை குளிப்பாட்டினாலும் அவர்கள் தலைமுடியில் ஊசிப்போன எண்ணெய் வாடை போகவில்லை. கட்டடம் பார்க்கும் அதிகாரி ஒருவர் வந்து சுற்றிப் பார்த்தார், சாய்வு இருக்கிறது என்றார், மேலே போய் மூக்குப் பிடிக்கச் சாப்பிட்டார், ஏப்பம் விட்டார், போனார். விருந்தாளிகளில் ஒருவரும் இதனால் வராமல் நிற்கவில்லை. யார் பிள்ளைகள் மேடையைத் தூக்கிப் பிடிக்கிறார்கள் என்று தெரிந்தே வந்து, தெரிந்தே தின்று, தெரிந்தே துப்பினார்கள்.

பெரியவள் வளர்ந்து கனம் கூடியதும் அவள் பக்கம் மேடை உயர்ந்தது. இப்போதுதான் காற்று நன்றாக வருகிறது என்று குழாய்க்கடைக்காரர் அந்த ஓரத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டார். மேசை சாய்ந்து குழம்பு வழிந்ததால், சின்னவளும் கனம் கூடட்டும் என்று பந்தி மிச்சத்தைக் கீழே அனுப்பினார். பல் பதிந்த துண்டுகள். தங்கை அதை நாய்க்குப் போட்டாள். நாய் முகர்ந்துவிட்டு வேறு பக்கம் போனது.

பிறகு சின்னவளுக்குக் காய்ச்சல் வந்தது. பந்தி நேரம். ஊஞ்சலில் உட்கார்ந்தபடியே வாந்தி எடுத்தாள். உள்ளே படுக்கவைக்கிறேன் என்று தங்கை கீழிருந்து கத்தினாள். பலகை இடுக்கு வழியாகக் குழாய்க்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். சற்று நேரத்தில் மேடை ஓரத்திலிருந்து கயிற்றில் கட்டிய பேசின் ஒன்று ஆடி ஆடி இறங்கி, சின்னவளின் மடிக்கு நேராக நின்றது.

"அதுல எடுக்கச் சொல்லு. எழுந்திரிக்க வேணாம்."

பேசினில் ஏற்கெனவே யாரோ கை கழுவியிருந்தார்கள். தங்கை இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். வெளிப்படி ஏறி, படியோரமாக நின்று, பந்தியைப் பார்த்துச் சொன்னாள்.

"எல்லாரும் எழுந்து வீட்டுக்குள்ள போங்க. என் பிள்ளைங்க இறங்கப் போறாங்க."

ஒருத்தரும் தட்டை விட்டு நிமிரவில்லை. "உட்காரும்மா, நீயும் ஒரு வாய் சாப்பிடு" என்றார் ஒருவர். சிரித்தார்கள்.

"அவங்க இறங்கினா உனக்கு ரூம் கிடையாது, தெரியும்ல?" என்றார் குழாய்க்கடைக்காரர்.

"சொல்ல வேண்டியதைச் சொல்லிட்டேண்ணே. கையைக் கழுவிக்குங்க."

கீழே இறங்கினாள். சின்னவளை ஊஞ்சலிலிருந்து இறக்கி இடுப்பில் தூக்கிக்கொண்டாள். மேலே தட்டுகள் சரிந்தன, அப்போதும் யாரோ சிரித்தார்கள். "நீயும் வாடி" என்று பெரியவளின் கையைப் பிடித்து வேலி ஓரம்வரை போய்த்தான் திரும்பிப் பார்த்தாள்.

மேடை முழுதாக இறங்கியது. ஒருவரும் சாகவில்லை. அத்தனை வருடம் அவர்கள் ஊற்றியதும் துப்பியதும் கீழே முழங்கால் ஆழத்துக்குச் சேறாகக் கிடந்தது. அதுவே அவர்களைத் தாங்கிக்கொண்டது. வாயிலும் காதிலும் அதை வாங்கிக்கொண்டு, வழுக்கி வழுக்கி எழுந்து, ஒருவரை ஒருவர் பார்த்து மூக்கைப் பொத்திக்கொண்டு போனார்கள். குழாய்க்கடைக்காரர் தன் கடையின் எல்லாக் குழாயையும் திறந்துவிட்டுக் குளித்தும் வாடை போகவில்லை. ரூமைக் காலி செய்யச் சொல்ல ஆள் அனுப்பினார். வந்தவன் குமட்டிக்கொண்டு பாதியில் திரும்பினான். மாடிக் கதவைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டார்கள். அதன்பின் அந்தப் பக்கம் அவர் வரவே இல்லை.

தங்கையும் பிள்ளைகளும் சேற்றையும் உடைந்த பலகைகளையும் வாரிக் கொட்டி முடித்தபோது, ஊஞ்சல்கள் இரண்டும் இருந்த இடத்திலேயே தொங்கிக்கொண்டிருந்தன. உட்காரும் பலகை, அதிலிருந்து சங்கிலி, சங்கிலிக்கு மேலே போல்ட், வாசர், நட்டு, நட்டின் தலையில் இன்னொரு நட்டு. அதற்கு மேலே வானம்தான். பெரியவள் தன் ஊஞ்சலில் மறுபடி உட்காரவில்லை. தேய்த்த துணி மூட்டையை வைக்க அது வசதியாக இருந்தது. காய்ச்சல் விட்ட சின்னவள் மட்டும், தலையில் பை இல்லாமல் ஏறி ஆடினாள். ஆடும்போது லேசாக ஒரு சத்தம் வந்ததால், தங்கை தச்சருக்குச் சொல்லி அனுப்பினாள்.

அரைச்சுற்று மடக்கு ஏணியோடு வந்தார். ஏறிப் போய் ஒவ்வொரு நட்டாகத் தொட்டுப் பார்த்தார். நாலாவது ஒன்று கொஞ்சம் தளர்ந்திருந்தது. ஸ்பானர் போட்டு முடுக்கினார், பிறகு இன்னும் ஒரு அரைச்சுற்று முடுக்கினார்.

"இப்ப ஆடு பாப்பா" என்று சொல்லிவிட்டு இறங்கினார்.