தொட்டுவிட்டு எழுந்தவள்

நன்சிரி தன் அண்ணன் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றியபோது மணி பன்னிரண்டு நாற்பது. சாப்பாட்டுக்கு அரைமணி நேரம் முன்பே தண்ணீர் குடித்து முடித்துவிட வேண்டும் என்பது அவளுடைய விதிகளில் முதலாவது. கயாசா சாலையில் வேனில் வரும்போதே குடித்துவிட்டாள். இரண்டாவது விதி, முதலில் கறி, மற்றதெல்லாம் பிறகு. மூன்றாவது, ஒரு வாய்க்கு இருபது மெல்லல். நான்காவது, மூக்கில் நீர் கசிந்தால் உடனே கையை எடுத்துவிட வேண்டும். அதற்குமேல் ஒரு வாய் போனாலும் உள்ளே போனதெல்லாம் திரும்பி வந்துவிடும்.

ஐந்து மாதமாக இந்த நான்கையும் மீறாமல் இருந்தாள். ஆனால் அதெல்லாம் அவளுடைய சொந்தச் சமையலறையில், சின்னக் கரண்டியோடு, பார்க்க ஆளில்லாமல். குடும்பத்தோடு பாயில் உட்கார்ந்து சாப்பிடப் போவது இன்றுதான் முதல்முறை. ஈஸ்டருக்கு வரவில்லை. ஒரு ஞானஸ்நான விருந்துக்கும் ஏதோ சாக்குச் சொல்லித் தப்பித்தாள். இன்று தப்பிக்க வழியில்லை. அடுத்த சனிக்கிழமை அண்ணன் மகள் கிராபோவுக்குக் குவாஞ்சுலா. மாப்பிள்ளை வீட்டார் பெண் கேட்டு வரும் நாள் அது. வந்திருக்கும் கூட்டத்துக்குள் நடந்து போய், இன்னார்தான் மாப்பிள்ளை என்று கண்டுபிடித்து, அவன் சட்டையில் பூக்குத்திக் கூட்டி வர வேண்டியவள் பெண்ணின் அத்தை. அண்ணன் முபிருவோடு கூடப் பிறந்தவள் நன்சிரி ஒருத்திதான். ஆகவே அந்த இடம் அவளுடையது. கிராபோ பிறந்த அன்றைக்கே முடிவான விஷயம்.

அப்படித்தான் நினைத்திருந்தாள், போன வாரம் வரை. "இந்த ஞாயித்துக்கிழமை எல்லாரும் கூடி யார் நிக்கிறதுன்னு பேசிக்கலாம்னு பெரிய அத்தை சொல்றாங்க" என்று முபிரு தொலைபேசியில் சொன்னபோது குரலை இழுத்தான்.

உள்ளே பாயில் பெர்பெத்துவா அத்தை காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். அண்ணன் சொன்ன பெரிய அத்தை இவள்தான், அப்பாவின் தங்கை. அவள் பக்கத்தில் பெரியப்பா மகள் நலுபேகா, நல்ல வாளிப்பாக, புதுக் கோமெசி அங்கி உடுத்தி, இடுப்புப் பட்டையைப் பளபளவென்று முடிந்திருந்தாள். நன்சிரி உடுத்தியிருந்த கோமெசி இரண்டு வருடத்துக்கு முன்பு தைத்தது. பட்டையை மூன்று சுற்றுச் சுற்றியும் நழுவிக்கொண்டே இருந்தது. மண்டியிட்டு வணக்கம் சொல்லி எழுந்தாள்.

"வாம்மா வா. கோமெசி வந்திருக்கு. அதுக்குள்ள இருந்தவ எங்க?" என்றாள் அத்தை.

நலுபேகா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"நல்லா இருக்கீங்களா அத்தை?"

"நான் நல்லா இருக்கேன். என்னைப் பாத்தா தெரியும். உன்னைப் பாத்தா ஒண்ணும் தெரியலையே. நேரா நிக்கிறியா, பக்கவாட்டுல நிக்கிறியா?"

நன்சிரி இப்போது எண்பத்து மூன்று கிலோ. எந்த ஊரிலும் அதை ஒல்லி என்று சொல்ல மாட்டார்கள். ஆனால் நூற்றுப் பதினெட்டில் பார்த்தவர்களின் கண்ணுக்கு அது ஒல்லிதான். அதிலும் முகம் முதலில் வற்றிவிட்டது. கன்னம் இறங்கி, கழுத்துத் தோல் மடிந்து தொங்கியது. பருமன் குறைந்த பெண்ணைப் பார்த்தால் இங்கே யாரும் காரணம் கேட்பதில்லை. காரணம் அவர்களுக்கே தெரியும் என்று நினைத்துக்கொள்வார்கள். முப்பது வருடத்துக்கு முன்பு வீட்டுக்கு வீடு ஆளை உருக்கிக்கொண்டுபோன அந்த எய்ட்ஸ் நோயை யாரும் மறக்கவில்லை. இன்றைக்கு அதற்கு மாத்திரை இருக்கிறது, சாப்பிடுகிறவர்கள் நன்றாக நடமாடுகிறார்கள். ஆனாலும் பேச்சு மட்டும் அந்தக் காலத்திலேயே நின்றுவிட்டது.

உண்மை வேறு. நைரோபியில் ஒரு மருத்துவமனையில் அவள் வயிற்றில் முக்கால் பங்கை வெட்டி எடுத்திருந்தார்கள். மிச்சமிருப்பது ஒரு சின்ன வாழைப்பழம் அளவு. அம்மாவைக் கொண்டுபோன சர்க்கரை நோய் அவளுக்கும் வந்திருந்தது. கூட வந்து காகிதத்தில் கையெழுத்துப் போட்டவன் முபிரு. யாரிடமும் சொல்லாதே என்று கேட்டுக்கொண்டவள் நன்சிரி. அந்தத் தப்பு தன்னுடையதுதானோ என்று வேனில் வரும்போது நாலைந்து முறை யோசித்துப் பார்த்தாள். முதலிலேயே சொல்லியிருந்தால் இந்தப் பேச்சு வந்திருக்காது. அல்லது வேறு பேச்சு வந்திருக்கும்.

அண்ணி இம்மாகுலேட் சமையல்கட்டிலிருந்து பெரிய கூடையைத் தூக்கி வந்து பாயின் நடுவில் வைத்தாள். வாழையிலையைப் பிரித்ததும் மசித்த மடோக்கே வாழைக்காய் மஞ்சளாக ஆவி விட்டது. கை கழுவத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது பந்தல்காரர் முற்றத்தை அளந்து முடித்துவிட்டு வாசலில் தலையை நீட்டினார்.

"வாங்க, கை வைங்க!" என்றான் முபிரு.

பந்தல்காரருக்கு இன்னும் இரண்டு வீடு பாக்கி. ஆனால் போட்ட சாப்பாட்டை அப்படியே விட்டுப் போவது மரியாதையில்லை. குனிந்து மடோக்கேயை விரல்நுனியால் தொட்டு உதட்டில் வைத்துக்கொண்டார். "நல்லா சமைச்சிருக்கீங்க" என்றார். அவ்வளவுதான். தொட்டு அந்த வார்த்தையைச் சொல்லிவிட்ட விருந்தாளியை அதற்குமேல் வற்புறுத்த எந்த வீட்டுக்கும் உரிமையில்லை. பெர்பெத்துவா அத்தைகூட, "போயிட்டு வாங்கய்யா" என்று சிரித்த முகமாக அனுப்பி வைத்தாள்.

பிறகு லுவொம்போ வந்தது. ஆட்டுக்கறியை நிலக்கடலைக் குழம்போடு வாழையிலையில் பொட்டலமாகக் கட்டி, அரைநாள் ஆவியில் வேக வைத்தது. ஆளுக்கு ஒரு பொட்டலம். வேறு எதையாவது என்றால் பக்கத்தில் இருப்பவர் தட்டுக்குத் தள்ளிவிடலாம், குழம்புக்குள் ஒளித்துவிடலாம். நன்சிரி அதற்கெல்லாம் திட்டம் போட்டுத்தான் வந்திருந்தாள். ஆனால் லுவொம்போவைப் பங்கு போட முடியாது. கட்டியவள் உனக்கென்று கட்டியது. சாப்பிட்டு முடித்தால் இலை வெறுமையாகத் தெரியும். முடிக்காவிட்டால் அதுவும் தெரியும்.

அத்தை எல்லாப் பொட்டலத்தையும் தூக்கித் தூக்கிப் பார்த்து, ஆகப் பெரியதை நன்சிரியின் முன்னால் வைத்தாள்.

"பேச்ச வளக்க வேணாம். சனிக்கிழமை மாப்பிள்ளை வீட்டுக்காரங்க நூறு பேர் வருவாங்க. முதல்ல அவங்க கண்ணுல படறது அத்தைக்காரிதான். இவ என்ன இப்படி இருக்கா, இந்தக் குடும்பத்துல என்ன ஓடுதுன்னு குசுகுசுன்னு பேசினா கிராபோ கதி என்ன? நோய் இல்லன்னா சாப்பிடு. இந்த இலைய வழிச்சு வச்சிட்டா நீதான் நிக்கிற. இல்லன்னா நலுபேகா நிப்பா. அவளும் நம்ம குலம்தான்."

"நான் ஆசப்பட்டுக் கேக்கல" என்றாள் நலுபேகா, இலையைப் பிரித்துக்கொண்டே. "பெரியவங்க சொல்றாங்க."

"புதுக் கோமெசி தைக்கவும் பெரியவங்கதான் சொன்னாங்களாக்கா?" என்றாள் நன்சிரி.

நலுபேகா சாப்பிடத் தொடங்கினாள்.

நன்சிரி கட்டை அவிழ்த்தாள். கறியை நார் நாராகக் கிழித்தாள். ஒன்று, இரண்டு என்று மனத்துக்குள் எண்ணிக்கொண்டு மென்றாள். நாலாவது வாயின்போது நலுபேகா பொட்டலத்தில் பாதியைத் தாண்டியிருந்தாள்.

"ஏடி, அது கறியா, சூயிங்கமா?" என்றாள் அத்தை.

ஆறாவது வாய். ஏழாவது. கிராபோ எதிரில் உட்கார்ந்து நன்சிரியின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தக் குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு தெருவெல்லாம் அலைந்தவள் நன்சிரி. இப்போது அவள் கண்ணில் இருந்தது கவலையா கணக்கா என்று நன்சிரியால் சொல்ல முடியவில்லை.

ஒன்பதாவது வாயில் மூக்கு கசிந்தது. நெஞ்சுக்குழியில் யாரோ கட்டைவிரலை வைத்து அழுத்துவதுபோல் இருந்தது. இலையில் கறி பெரும்பாலும் அப்படியே கிடந்தது. கையை எடுத்தாள்.

"அவ்வளவுதானா? பாத்தியா முபிரு? கோழிக்குஞ்சுகூட இதைவிட அதிகமாக் கொத்தும்."

நன்சிரி அண்ணனைப் பார்த்தாள். நாற்காலியில் உட்கார்ந்திருந்த முபிரு எலும்பைக் கடித்துக்கொண்டிருந்தான். ஒரு வார்த்தை போதும். அவன் சொல்லவில்லை.

"எனக்கு அந்த நோய் இல்ல அத்தை. இருந்தாலும் உங்களுக்குப் பயந்து மறைக்கப் போறதில்ல. எனக்குச் சர்க்கரை. அதுக்காக ஆபரேஷன் பண்ணிக்கிட்டேன். வயித்தைச் சின்னதாக்கிட்டாங்க. ஒரு கைப்பிடிக்கு மேல தாங்காது. அண்ணனுக்குத் தெரியும். கையெழுத்துப் போட்டதே அவர்தான்."

எல்லாருடைய கையும் நின்றது. சமையல்கட்டு வாசலில் நின்ற இம்மாகுலேட் புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். அவளுக்கும் தெரியாது போல.

முபிரு எலும்பைக் கீழே வைத்தான். "ஏதோ காகிதம் நீட்டினாங்க. போட்டேன். பொம்பளைங்க சமாச்சாரம்னு நினைச்சேன். வயித்தை வெட்டுவாங்கன்னு யார் கண்டா?"

நைரோபியில் மருத்துவர் அவனுக்குப் படம் வரைந்து காட்டியிருந்தார். இவ்வளவை எடுக்கிறோம், இவ்வளவை விடுகிறோம் என்று. அவன் கேள்விகூடக் கேட்டான்.

பெர்பெத்துவா அத்தை இரண்டு கையையும் தட்டிக்கொண்டாள். "அடிப்பாவி! நோயின்னா கடவுள் குடுத்ததுன்னு மனசத் தேத்திக்கலாம். இவ காசு குடுத்து வயித்த அறுத்துப் போட்டுட்டு வந்திருக்கா! நம்ம வீட்டுச் சோறு உள்ள போகக் கூடாதுன்னு வாசலையே அடைச்சிட்டா! உங்கம்மா இந்த அடுப்புல வெந்து உங்களைக் கொழுகொழுன்னு வளத்தா. இன்னைக்கு அவ இருந்திருந்தா..."

"இருந்திருந்தா ஒரு காலோட இருந்திருப்பாங்க." நன்சிரியின் குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது. "அம்மாவுக்குக் காலை எடுத்தாங்களே, அன்னைக்கு இந்தப் பாயில யாரும் கூட்டம் போடலையே? எடுத்த மூணாம் நாள் அஞ்சு லிட்டர் வாழைச்சாறு கொண்டுவந்தது யாரு அத்தை? குடி குடி, தெம்பா இருக்கும்னு பக்கத்துல உக்காந்து ஊத்தினது யாரு?"

"வாய மூடுடி!"

"நன்சிரி, மரியாதையாப் பேசு" என்றான் முபிரு.

இப்போதுதான் அவனுக்குக் குரல் வந்தது. எழுந்து வந்து பாயின் ஓரத்தில் குந்தினான். மடோக்கேயைப் பிடித்துக் குழம்பில் தோய்த்து, மேலே ஒரு துண்டுக் கறியும் வைத்து உருட்டினான். முட்டை அளவு உருண்டை. "சண்டை எதுக்கு? இதோ பாரு, இந்த ஒரு வாய். பெரியவங்க மனசு குளிரட்டும். அதோட முடிஞ்சுது. நீதான் சனிக்கிழமை நிக்கிற. ஆ காட்டு."

"அண்ணே, தாங்காது."

"ஒரு வாயில யாரும் செத்ததில்ல."

"வாங்கிக்கங்க அத்தை" என்றாள் கிராபோ மெல்ல. "எனக்காக."

உருண்டை வாய்க்கு நேரே வந்து நின்றது. நெய் போலக் கடலை எண்ணெய் அவன் மணிக்கட்டில் வழிந்தது. ஒருவேளை தாங்குமோ என்று நன்சிரி யோசித்தாள். நான்காவது விதியை அவள் ஒருமுறைகூடச் சோதித்துப் பார்த்ததில்லை. தாங்கினாலும் அது இன்றைக்கு. சனிக்கிழமை விருந்தில் நூறு பேருக்கு முன்னால் இதே கை நீளும். அதற்கடுத்து கல்யாணம், பிறகு கிராபோவின் பிள்ளைக்குப் பெயர் வைக்கும் நாள். ஒவ்வொரு நாளும் இவர்கள் அவள் வாய்க்கு நேரே உருண்டையைப் பிடித்து, நீ எங்கள் வீட்டுப் பெண்தானா என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள்.

அண்ணன் கையிலிருந்த உருண்டையின் மேல் விரல்நுனியை வைத்தாள். அந்த விரலை உதட்டில் ஒற்றிக்கொண்டாள். இம்மாகுலேட்டைப் பார்த்து, "நல்லா சமைச்சிருக்கீங்க" என்றாள்.

வீட்டில் பிறந்தவள் எவளும் அந்த வார்த்தையைச் சொல்வதில்லை. வேண்டாமென்றால் வேண்டாம் என்பாள், சண்டை போடுவாள், தட்டைத் தள்ளுவாள். தொட்டுவிட்டு நன்றி சொல்பவர் பந்தல்காரர். வழிப்போக்கர். முபிருவின் கை காற்றில் நின்றபடி இருந்தது. பிறகு தானாகவே இறங்கியது.

பெர்பெத்துவா அத்தை முதலில் தேறிக்கொண்டாள். இனி வற்புறுத்த முடியாது என்பது மற்ற எல்லாரையும்விட அவளுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

"சரி. அவளே சொல்லிட்டா" என்றாள். "விருந்தாளிய வழியனுப்பி வைங்க. நலுபேகா, சனிக்கிழமை காலம்பற ஏழு மணிக்கே வந்துடு."

கிராபோ எழுந்து உள்ளே போய்விட்டாள். அவள் அழுதாளா, தன் மேல் கோபப்பட்டாளா என்பது நன்சிரிக்குத் தெரியாது.

விருந்தாளியைச் சாலை வரை கொண்டுபோய் விடுவது வீட்டுத் தலைவன் கடமை. முபிரு இரண்டடி முன்னால் நடந்தான். நன்சிரி நழுவும் பட்டையைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனாள். நெஞ்சுக்குழி அழுத்தம் இன்னும் விடவில்லை. வேலி முடியும் இடத்தில் இம்மாகுலேட் ஓடி வந்தாள். மீந்த லுவொம்போவைப் புது இலையில் இறுக்கிக் கட்டியிருந்தாள். வெறுங்கையோடு விருந்தாளியை அனுப்பக் கூடாது. அதை நன்சிரியின் கையில் திணித்துவிட்டுத் திரும்பினாள். அவள் முகம் புருஷனைப் பார்க்கவில்லை.

சாலையில் முபிரு சொன்னான். "பேசினதெல்லாம் விடு. சனிக்கிழமை வந்துடு. பின்னால எங்கயாவது உக்காந்துக்க."

"பின்னாலயா? விருந்தாளிக்கு முன்வரிசைதானே அண்ணே? நாற்காலி போட்டு வைங்க. பந்தல்காரர் இன்னைக்குத்தானே அளந்துட்டுப் போனாரு."

"உனக்குக் கொழுப்பு."

"இல்ல. அதைத்தான் கரைச்சிட்டேன்."

அவன் சிரிக்கவில்லை. அவளும் சிரிக்கவில்லை. வேன் வந்து நின்றதும் ஏறி, ஜன்னல் ஓரம் உட்கார்ந்து பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டாள். அது இன்னும் சுட்டது.

வீட்டில் அதைப் பிரித்து நான்கு கிண்ணங்களில் சமமாகப் பங்கு வைத்தாள். மூன்றைக் குளிர்பெட்டியில் வைத்தாள். சாயங்காலம் ஆறு மணிக்கு, அழுத்தம் நன்றாக விட்டபிறகு, நான்காவதைச் சின்னக் கரண்டியால் எடுத்து ஒரு வாய்க்கு இருபது என்று மென்றாள். கறி நன்றாக வெந்திருந்தது. புகைவாசம் அம்மா செய்வதுபோலவே இருந்தது. நல்லா சமைச்சிருக்கீங்க என்று சொன்னது பொய்யில்லை.

புதன்கிழமை கடைசிக் கிண்ணம் தீர்ந்தது. அதுவரை அந்த வீட்டிலிருந்து யாரும் கூப்பிடவில்லை.