2909653, அக்ரஹாரம்

மைசூர் அக்ரஹாரத்தில் வாமன் வீட்டு வாசல் பலகையில் பெயர் கிடையாது. 2909653 என்று ஓர் எண்தான் இருக்கும். ஃபோன் நம்பர் என்று நினைத்து அழைத்து ஏமாந்தவர்கள் உண்டு. விசாரித்தவர்களிடமெல்லாம், "பகா எண்ணாக்கும். ஒண்ணையும் தன்னையும் விட்டா வேற எதாலயும் வகுபடாது" என்று நாற்பது வருடமாக மார்தட்டி வந்தார் மனிதர்.

அன்று பலகைக்குப் புது வண்ணம் அடிக்க பெயிண்டர் கெம்பையன் வந்திருந்தான். அவன் பழைய பெயிண்டைச் சுரண்டிக்கொண்டிருந்தபோது, வாமன் சும்மா இருக்க மாட்டாமல் அந்த எண்ணை மொபைலில் தட்டிப் பார்த்தார். அது கண்மூடித் திறப்பதற்குள் சொல்லிவிட்டது: 1427 × 2039.

வாமன் மறுபடியும் தட்டிப் பார்த்தார், அதே விடைதான். அந்த எண்ணை நம்பித்தான் அவர் கல்யாணமே செய்துகொண்டார்.

எம்.எஸ்ஸி. தேர்வில் அவருடைய ஹால் டிக்கெட் எண் 2909. வேறு கல்லூரியில் படித்த நிர்மலாவினுடையது 653. அவள் ஹனூர் விவசாய வீட்டுப் பெண். இவர் அப்பாவோ மேல்கோட்டையில் இருந்த ஐயங்கார், ஆசாரத்தில் ஒரு நூல் பிசகாதவர். வீட்டில் பேசப் பயந்த வாமன், இரண்டு எண்களையும் ஒட்டி, அது பகா எண்ணாக இருந்தால் பேசுகிறேன், இல்லையென்றால் இதோடு விட்டுவிடலாம் என்று பாரத்தை எண்ணின் தலையில் இறக்கிவிட்டார்.

அதற்கு அந்த எண்ணின் வர்க்கமூலத்துக்குள் அடங்கும், 1699 வரையுள்ள 266 பகா எண்களால் வகுத்துப் பார்க்க வேண்டும். சிறியவை 133 அவருக்கு. பெரியவை 133 அவளுக்கு. வகுத்தலில் அவள் கை தவறியதே இல்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலங்களில் குக்கரஹள்ளி ஏரிக்கரையில் தாள்களை மாற்றிக்கொள்வார்கள். காதல் கடிதம் என்று ஒருவருக்கொருவர் ஒன்றுகூட எழுதியதில்லை, அந்தக் கணக்குகள்தான்.

அலமாரியிலிருந்து அந்தப் பழைய கணக்குத் தாள்களை எடுத்துப் புரட்டினார். எல்லா வகுத்தலும் வரி வரியாக மையில் இருந்தன. 1427-க்கு மட்டும் வழிமுறை இல்லை. 'மீதி 1' என்று மொட்டையாக இருந்தது.

சமையலறையில் நிர்மலா அவரைக்காய்க்கு நார் உரித்துக்கொண்டிருந்தாள். தாளை நீட்டினார்.

"நிர்மலா, இங்க தப்பு பண்ணிருக்க."

அவள் கண்ணாடியைக்கூடத் தேடவில்லை.

"தப்பில்லீங்க. மீதி சைபர்தான் வந்துச்சு. மூணு தடவை போட்டேன், மூணு தடவையும் சைபர். அப்புறம் ஒண்ணுன்னு எழுதிட்டேன்."

"இத்தனை வருஷமா சொல்லலியே!"

"அன்னிக்கே சொல்லியிருந்தா தாளை மடிச்சு வெச்சுட்டு மேல்கோட்டைக்கு பஸ் ஏறியிருப்பீங்க. ஏறமாட்டீங்கன்னு நம்ப எனக்குத் தைரியம் இல்லீங்க."

மாட்டேன் என்று சொல்ல வாய் எடுத்தார் வாமன். ஆனால் ஏறியிருப்பார், அது அவருக்கே தெரியும். வெட்கம் பிடுங்கித் தின்றது.

"கணக்குல பொய் எழுதினது அந்த ஒரு தடவைதான்" என்றாள் அவள், அவரைக்காயைப் பார்த்தபடி. "தாலி ஏறுற வரைக்கும் எனக்குச் சோறு எறங்கல. நீங்க எங்க திருப்பிப் போட்டுப் பாத்துருவீங்களோன்னு."

வாசலிலிருந்து கெம்பையன் குரல் கொடுத்தான். "சார், அதே நம்பர்தானா?"

வாமன் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"அதே நம்பர்தான்ப்பா. கொஞ்சம் பெரிசாவே எழுது."