பிளாஸ்டிக் உரிக்காத மெத்தை

எங்கள் தொழிலில் முதல் விதி இதுதான். இழுத்துக்கொண்டு போகும் வீட்டுக்குள் நாம் வாழக் கூடாது.

வீடு என்றால் சக்கரம் வைத்த வீடு, கேம்பர். எங்கள் கோஷென் ஊரைச் சுற்றி இருக்கும் தொழிற்சாலைகளில் செய்கிறார்கள். அதைச் சொந்த பிக்கப் வண்டியின் பின்னால் மாட்டி, நாட்டின் எந்த மூலையில் விற்கிற கடை இருக்கிறதோ அங்கே கொண்டுபோய் விடுவதுதான் வேலை. உள்ளே கட்டில் உண்டு, சோபா உண்டு, அடுப்பு, குளியலறை எல்லாம் உண்டு. படுக்கக் கூடாது, சமைக்கக் கூடாது, அவசரத்துக்குக் கூட அந்தக் கழிப்பறையைத் தொடக் கூடாது. பின்னால் ஒரு முழு வீட்டை இழுத்துக்கொண்டு, முன்னால் ஸ்டியரிங்கில் தலை சாய்த்துத் தூங்குகிற கூட்டம் நாங்கள்.

எங்களுக்கு முதலாளி கிடையாது. எல்லாரும் தனித்தனி ஒப்பந்தக்காரர்கள். "உங்களுக்கு நீங்களேதான் முதலாளி" என்று சேருகிற அன்று காலையில் சொல்வார்கள். என்னென்ன செய்யக் கூடாது என்று அதற்கப்புறம் மதியம் வரை சொல்வார்கள்.

கேம்பர்களை நிறுத்தி வைக்கும் யார்டில் பாதிப் பேர் வேறு வேலையில் ஓய்வு பெற்றுவிட்டு வந்தவர்கள். ஒரு இடத்தில் உட்கார்ந்தால் எனக்குக் கால் துறுதுறுக்கும், அதனால் நானும் வந்து சேர்ந்தேன். அங்கே சின்னவள் நான்தான். எல்லாருக்கும் நான் "பொண்ணு". ஷெல்பி என்ற பெயர் கோபமோ கவலையோ வந்தால் மட்டும் வெளியே வரும்.

வெர்லின் ஸ்டட்ஸ்மன் அறுபத்தெட்டு வயதில் இந்த வேலைக்கு வந்தார். அதற்கு முன் ஆயுசு முழுக்கக் கேம்பர் தொழிற்சாலையில் சமையலறை அலமாரி பொருத்தியவர். வண்டியை எடுக்கும் முன் உள்ளே போய்ச் சரிபார்க்க வேண்டும் இல்லையா, அப்போது பூட்ஸுக்கு மேல் காகித உறை மாட்டிக்கொண்டுதான் ஏறுவார். "டாக்டர் வந்துட்டாரு, ஆபரேஷனுக்கு வழி விடுங்கப்பா" என்று மற்றவர்கள் கத்துவார்கள். அவர் காதில் வாங்க மாட்டார். கதவு மூலை, சன்னல் விளிம்பு, மெத்தை மேல் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் எல்லாம் பார்த்த பிறகுதான் இறங்குவார்.

அவருடைய மனைவி லவோன் ஒவ்வொரு பயணத்துக்கும் கூட வருவார். பள்ளிக்கூட உணவகத்தில் சமைத்து ஓய்வு பெற்றவர். இடுப்பு சரியில்லை. பக்கத்து சீட்டில் பச்சைத் தலையணை ஒன்றைப் போட்டுத்தான் உட்காருவார். மடியில் சாலை வரைபடம், காலடியில் டப்பாவில் சர்க்கரைக் கிரீம் பை, அவர் கையால் சுட்ட இனிப்பு. வண்டி நிற்கிற இடத்திலெல்லாம் அதில் ஒரு துண்டு எனக்கு உண்டு.

"இந்த மனுஷன் ஊர்ல இருக்கிற பொம்பளைங்களுக்கெல்லாம் அடுக்களை கட்டிக் கொடுத்தான், தெரியுமா? எனக்கு அதுல ஒரு டம்ளர் தண்ணி சுட வைக்கக் கொடுப்பினை இல்ல."

"ரிட்டையர் ஆனதும் ஒண்ணு வாங்குவோம்னு சொன்னேன்ல" என்பார் வெர்லின்.

"சொன்ன. ஆனதும் ஓட்டுற வேலைய வாங்கிட்டு வந்து நின்ன."

சண்டை இல்லை இது. இரண்டு பேரும் சிரிப்பார்கள். அவர் ஓட்டுவார், எந்த மாநிலத்து நம்பர் பலகை வருகிறது என்று லவோன் பார்த்துச் சொல்லிக்கொண்டே வருவார். அலாஸ்கா நம்பர் ஒன்று கிடைத்தால் அன்றைக்குச் சாப்பாடு வெர்லின் செலவு. அந்த வேலையில் அவருக்கு ஒரு சுகம் இருந்தது என்றால் அது பக்கத்து சீட்டில்தான் இருந்தது. அது அவருக்கே அப்புறம்தான் தெரிந்தது.

மார்ச் மாதம். ஐடஹோவில் நாம்பா ஊர்க் கடை ஒன்றுக்கு எனக்கும் அவருக்கும் ஒரே நாளில் லோடு கிடைத்தது. ஒன்றாகவே கிளம்பினோம். வயோமிங்கில் லாரமி தாண்ட விடவில்லை. பயங்கரக் காற்று. கேம்பர் மாதிரி உயரமான, கனமில்லாத வண்டிகள் கவிழ்ந்துவிடும் என்று பாதையை மூடிவிட்டார்கள். மோட்டல் எல்லாம் நிரம்பி வழிந்தது. லாரி நிறுத்தும் மைதானத்தில் எங்களைப் போல இருபது முப்பது கேம்பர் நின்றன. எல்லாவற்றிலும் திரை மூடியிருந்தது. எல்லாம் லேசாக ஆடிக்கொண்டிருந்தன. ஆட்டியது காற்று மட்டும் இல்லை, உள்ளே ஆள் படுத்திருக்கிறது என்று பார்த்தாலே தெரிந்தது. விதி எல்லாருக்கும் தெரியும். அந்தக் குளிரில் விதியும் கொஞ்ச நேரம் எங்கேயோ போய்ப் படுத்துவிட்டது.

மத்தியானம் லவோன் பிக்கப்பிலிருந்து இறங்கி, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். முகம் வெளுத்திருந்தது. நெப்ராஸ்காவிலிருந்து உட்கார்ந்தே வந்த இடுப்பு.

"வெர்லின், ஒரு மணி நேரம். காலை நீட்டிப் படுத்துட்டு எந்திரிச்சு வந்துடறேன்."

"லவோன், அது நம்மது இல்ல."

"தெரியும். நம்மதா இருந்தா உன்கிட்ட கேட்டுட்டா நிப்பேன்?"

"பின் சீட்டுல படேன்."

"அதுல படுக்கணும்னா என்னை ரெண்டா மடிச்சுத்தான் வைக்கணும்."

"யாராவது பார்த்தா கான்ட்ராக்ட் போயிடும். இந்த வயசுல வேற யாரு எனக்கு வேலை தருவா?"

லவோன் சுற்றி ஆடிக்கொண்டிருந்த கேம்பர்களை ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான். எனக்குப் பொறுக்கவில்லை.

"என்னோடதுல வாங்க லவோன். என் கான்ட்ராக்ட் போனா எனக்கு மாடு மேய்க்கத் தெரியும்."

அவர் வெர்லினைப் பார்த்தார். வெர்லின் குனிந்து, நன்றாகவே இருந்த கொக்கியைத் திருகிக்கொண்டிருந்தார். லவோன் என்னோடு வந்தார்.

வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார். மெத்தையில் படுத்ததும் பிளாஸ்டிக் மொறமொறத்தது.

"பிஸ்கட் பாக்கெட்டுக்குள்ள படுத்த மாதிரி இருக்கு பொண்ணே" என்று சிரித்தார். மல்லாந்து படுத்து, தலைக்கு மேலே இருந்த அலமாரியைப் பார்த்தார். "அந்தக் கதவு தொங்குது பாரு. அவன் பேக்டரில இருந்திருந்தா இப்படி விட்டிருக்க மாட்டான்." அதைச் சொல்லும்போது குரலில் பெருமை. கொஞ்ச நேரத்தில் தூங்கிப்போனார்.

எழுந்தபோது முகத்தில் ரத்தம் திரும்பியிருந்தது. நேராக அடுப்புக்குப் போனார். காஸ் இல்லை, ஒன்றும் இல்லை. சும்மா திருகியைத் திருப்பி, இல்லாத பானையில் இல்லாத கரண்டியால் கிளறினார்.

"தள்ளு தள்ளு, தெறிக்கும். ஆளுக்கு எத்தனை கரண்டி நூடுல்ஸ்?"

"எனக்கு ரெண்டு" என்றேன்.

"வெர்லினுக்கு மூணு" என்று சொல்லி ஊற்றுகிற மாதிரி கையைச் சாய்த்தார். அந்த நேரத்தில்தான் வெர்லின் துணியும் தெளிப்பு பாட்டிலும் எடுத்துக்கொண்டு வந்தார். காலில் காகித உறை.

"ஆச்சா? இறங்குங்க, நான் பார்த்துக்கறேன்."

நாங்கள் இறங்கிப் படிக்குக் கீழே நின்றோம். அவர் துடைத்தார். லவோன் தொட்ட திருகியைத் துடைத்தார். கை வைத்த மேடையைத் துடைத்தார். மெத்தை மேல் லவோன் படுத்திருந்த பள்ளத்தை உள்ளங்கையால் தடவித் தடவி மேடாக்கினார். பிளாஸ்டிக் மேல் ஒரு முடி இருந்தது. நீளமான நரைமுடி. அதை இரண்டு விரலால் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார், வாசலுக்கு வந்தார், கையை வெளியே நீட்டி விட்டார். காற்று அதை லவோனுடைய தோளை உரசிக்கொண்டு எங்கேயோ கொண்டுபோனது.

"இப்ப யாரு வந்து பார்த்தாலும் சரி, பொண்ணே. உள்ள ஒரு ஆள் இருந்த தடமே இல்ல" என்றார் என்னிடம். எனக்கு உதவி செய்த திருப்தி முகத்தில்.

"ஆமா" என்றார் லவோன். "இல்லதான்."

நடந்து போய் பிக்கப்பில் ஏறிக்கொண்டார்.

மறுநாள் பாதை திறந்தது. நாம்பாவில் கடைக்காரர் இரண்டு வண்டியையும் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இவ்வளவு சுத்தமா யாருமே கொண்டு வர்றதில்ல" என்றார். வெர்லின் சிரித்துக்கொண்டே பிக்கப் பக்கம் திரும்பி, கேட்டாயா என்பது போலக் கை காட்டினார். லவோன் மறுபக்கத்துச் சன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த பயணத்துக்கு அவர் வரவில்லை. இடுப்பு என்று சொன்னார். அதற்கடுத்ததற்கும் இடுப்பு. அப்புறம் காரணம் சொல்வதும் நின்றுவிட்டது. பச்சைத் தலையணை மட்டும் சீட்டில் இருந்தது. வெர்லின் அதை எடுக்கவில்லை. டீசல் போட நிற்கிற இடத்தில் வெண்டிங் மெஷினில் வாங்கிய கிரீம் பை இனிப்பில் எனக்குப் பாதி கொடுப்பார். அட்டையைத் தின்கிற மாதிரி இருக்கும். இரண்டு பேரும் நன்றாக இருப்பதாகச் சொல்லித் தின்போம்.

ஜூலையில் ஒரு நாள் நெப்ராஸ்காவில் டயர் ஆற நிறுத்தியிருந்தோம். அலாஸ்கா நம்பர் வண்டி ஒன்று எங்களைத் தாண்டிப் போனது. வெர்லின் "லவோன், பாரு..." என்று வாய் திறந்துவிட்டு, என்னைப் பார்த்து நிறுத்தினார். அந்த வண்டி மறைந்த பிறகு கேட்டார்.

"ஷெல்பி, அன்னைக்கு லாரமில என்னைப் பத்தி உன்கிட்ட ஏதாவது சொன்னாளா?"

"ஒண்ணும் சொல்லல."

"வீட்டுலயும் சொல்ல மாட்டேங்கறா. திட்டினாக் கூடப் பரவாயில்ல. என்ன வேணும்னு கேட்டா, ஒண்ணும் வேணாம், நீ போயிட்டு வான்னு சொல்றா. படுக்க வேணாம்னு சொன்னதுக்கா இத்தனை நாள் கோவம்?"

சொல்லலாமா வேண்டாமா என்று இருந்தது. என் வாய் எப்போது சும்மா இருந்திருக்கிறது?

"அதுக்கு இல்ல வெர்லின். அந்த முடியை எடுத்து வெளிய விட்டீங்களே."

"எந்த முடி?"

சத்தியமாக அவருக்கு ஞாபகம் இல்லை. நான் சொல்லச் சொல்ல, அவருடைய கை தானாக மேலே வந்தது. இரண்டு விரல் சேர்ந்து, எதையோ பிடித்திருக்கிற மாதிரி நின்றது. அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவளோட முடின்னு நான் பார்க்கல, பொண்ணே" என்றார். "வண்டியில கிடந்த முடின்னு பார்த்தேன்."

டயர் ஆறும் முன்னாலேயே ஏறி வண்டியை எடுத்துவிட்டார்.

ஆகஸ்டில் யார்டில் ஒரு கேம்பர் அடிபட்டு வந்தது. யாரோ ஒரு ஓட்டுநர் டீசல் பங்க் தூணில் உரசி, பக்கவாட்டுச் சுவரைக் கிழித்துவிட்டார். கடைக்கு ஆகாது என்று தள்ளிவிடப் பார்த்தார்கள். வெர்லின் வாங்கி, வீட்டுக்குப் பின்னால் கொண்டுபோய் நிறுத்தினார். லோடு எடுக்காமல் அதிலேயே கிடந்தார். சுவரை ஒட்டினார். அலமாரிகளைப் பிடுங்கிப் போட்டுவிட்டுத் தன் கையாலேயே புதிதாகச் செய்து பொருத்தினார். காஸ் வைத்தார். மெத்தையின் பிளாஸ்டிக்கை உரித்து, பூப்போட்ட விரிப்புப் போட்டார்.

செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை, வண்டியை மட்டமாக நிறுத்த ஜாக்கி பிடிக்க என்னைக் கூப்பிட்டார். முந்தின நாள் மழை. பின்புறம் முழுக்கச் சேறு. எல்லாம் சரியான பிறகு சமையலறைச் சன்னலைப் பார்த்துக் கூப்பிட்டார்.

"லவோன்! கொஞ்சம் வாயேன்."

லவோன் ஏப்ரனில் கை துடைத்துக்கொண்டே வந்தார். சேற்றுக்குப் போட்டிருந்த பலகை மேல் மெல்ல நடந்து வந்து, படியருகே குனிந்து செருப்பைக் கழற்றினார்.

"கழட்ட வேணாம் லவோன். இது நம்மது."

"இருக்கட்டும். கழட்டியே பழகிடுச்சு."

உள்ளே போனார். நாங்கள் வாசலில் நின்றோம். அலமாரிக் கதவு ஒன்றைத் திறந்து மூடினார். சத்தமே இல்லாமல் போய் ஒட்டிக்கொண்டது. "நல்லா இருக்கு" என்றார். மனசாரத்தான் சொன்னார், எனக்குத் தெரியும். அடுப்பைப் பார்த்தார். பற்ற வைக்கவில்லை. கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார்.

"எங்க போலாம்னு சொல்லு" என்றார் வெர்லின். "எங்கனாலும் சரி. லோடு கிடையாது, கடை கிடையாது. உன் மேப்பை எடு."

"போலாம். பார்க்கலாம்."

"அலாஸ்கா போலாமா? அங்க போனா எல்லாமே அலாஸ்கா நம்பர்தான். தினமும் என் செலவு."

லவோன் கொஞ்சம் சிரித்தார். எழுந்தார். எழுந்தவர் திரும்பி, தான் உட்கார்ந்திருந்த இடத்தை உள்ளங்கையால் தடவினார். பள்ளம் போகிற வரை தடவினார். விரிப்பில் ஒரு முடி இருந்திருக்க வேண்டும். இரண்டு விரலால் எடுத்து ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டார். குத்திக் காட்டச் செய்ததாக எனக்குத் தோன்றவில்லை. வீட்டுக்கு விருந்தாளியாகப் போனவர்கள் கிளம்பும் முன் செய்கிற மாதிரிதான் இருந்தது.

"நூடுல்ஸ் ஆயிடுச்சு. ரெண்டு பேரும் வாங்க" என்று சொல்லி, செருப்பை மாட்டிக்கொண்டு பலகை மேல் நடந்தார்.

வெர்லின் பலகையை விட்டு இறங்கி, நல்ல சேறாகப் பார்த்து மிதித்தார். உறை இல்லாத பூட்ஸோடு படியேறிப் போனார். தரை முழுக்கத் தடம். கட்டிலில் ஏறி, பூப்போட்ட விரிப்பு மேல் பூட்ஸ் காலை நீட்டிப் படுத்தார்.

"லவோன்! இங்க பாரு!"

லவோன் பின்கட்டுக் கதவில் கை வைத்தபடி திரும்பினார். "என்ன?"

"பூட்ஸோட படுத்திருக்கேன்!"

திறந்திருந்த கேம்பர் கதவு வழியாக வெர்லினுடைய பூட்ஸ் கால் இரண்டும் கட்டிலில் தெரிந்தன. லவோன் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"துடைச்சிட்டு வா" என்றார். "சாப்பாடு ஆறுது."

கம்பிக் கதவு சாத்திக்கொண்டது. உள்ளேயிருந்து வெர்லின், "நீ போ பொண்ணே. பசிக்கும் உனக்கு" என்றார். குரல் அவருடையது மாதிரி இல்லை. நான் ஜாக்கியை எடுத்து ஓரமாக வைத்துவிட்டுப் போனேன்.

மேசையில் மூன்று கிண்ணம் இருந்தது. லவோன் எனக்கு இரண்டு கரண்டி ஊற்றினார். வெர்லினுடைய கிண்ணத்தில் மூன்று. சன்னல் வழியாக ஒரு தடவை வெளியே பார்த்தார். கேம்பர் கதவு திறந்தேதான் இருந்தது, யாரும் வரவில்லை. ஒரு தட்டை எடுத்து அந்தக் கிண்ணத்தை மூடி வைத்துவிட்டு, எதிரே உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தார்.