ஏழிலைப்பாலைக்கு அம்மை போட்ட கதை

1

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்குப் பஸ் ஜன்னலில் கிடைத்தது. பென்னாகரத்திலிருந்து ஏரியூர் போகும் வழியில், ஒரு வீட்டு வாசலில் நின்ற ஏழிலைப்பாலை மரத்தின் இடுப்பில் மஞ்சள் துணி சுற்றி வேப்பிலை செருகியிருந்தார்கள். இலையெல்லாம் கொப்புளம் கொப்புளமாக ஏதோ. பக்கத்தில் இருந்தவர், "மரத்துக்கு அம்மா வந்திருக்குதுங்க" என்றார். மேற்கொண்டு கேட்பதற்குள் இறங்கிவிட்டார். மீதியை நான்தான் இட்டுக்கட்ட வேண்டும். அண்டப்புளுகு என்று பிறகு யாரும் கோபிக்கக் கூடாது.

2

தொடக்கம் ஒன்று: அந்த மரத்தின் ஒவ்வோர் இலையும் ஒரு பெண்ணின் சொல்லப்படாத வேதனையை...

வேண்டாம். நீங்கள் இங்கேயே மூடி வைத்துவிடுவீர்கள்.

தொடக்கம் இரண்டு: நிர்மலாதேவி ஒரு கொப்புளத்தை ஊக்கால் பிளந்து பார்த்தாள். உள்ளே ஒரு வெளிறிய குட்டிப் பூச்சி, தூக்கம் கலைந்த எரிச்சலில் நெளிந்தது.

இது இருக்கட்டும். (ஊக்கு ஏது என்று கேட்பவர்களுக்கு: அந்த மர நிழலில்தான் அவள் தையல் மிஷின் போட்டிருக்கிறாள்.)

அவள் அதைப் படம் பிடித்து, தோட்டக்கலை அலுவலகத்தில் வேலை பார்க்கும் பள்ளித்தோழி மலர்விழிக்கு அனுப்பி, கொல்லை மாங்கன்றுகளுக்கும் பரவுமா என்று கேட்டாள். உடனே போன் வந்தது.

"உள்ளாற பூச்சி இருக்குதில்ல? அப்ப நோவு இல்லடி. அது சாறு உறிஞ்சுற எடத்துல எலை வீங்கி அதையே மூடிக்குது. இப்ப மருந்து அடிச்சா உள்ள போவாது. ஓட்டை போட்டு வெளிய வர்றதுக்குள்ள அந்த எலைங்களப் பறிச்சு எரிச்சுப்புடு. புதுத் துளிர் வர்றப்ப வேப்பெண்ணெய் அடி. மரத்துக்கு ஒண்ணும் ஆவாது. மாமரத்துக்கும் போவாது."

கதை இங்கேயே முடிந்திருக்க வேண்டும். எனக்கும் வேலை மிச்சம். ஆனால் நிர்மலாதேவி போனை வைப்பதற்கு முன்பே அவளுடைய கணவர் குப்புராஜ் மரம் அறுக்க ஆளுக்குச் சொல்லிவிட்டார்.

3

குப்புராஜை வில்லனாக்கினால் எனக்குச் சுலபம். ஆனால் கொல்லையில் இருக்கும் மாங்கன்றுகளுக்குக் கோடையெல்லாம் குடம் குடமாகத் தண்ணீர் சுமந்தவர் அவர். இலைக் கொப்புளத்தைப் பார்த்ததும் அது கன்றுகளுக்கும் தொற்றிவிடும் என்று பயந்துவிட்டார். பயந்தவரைக் கெட்டவர் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை.

மரம் அறுக்கும் நிசார் அகமது மிஷினோடு வந்து இறங்கினார். நிர்மலாதேவி வாசற்படியில் வாயடைத்து நின்றாள். அப்போதுதான் எதிர்வீட்டுப் பாஞ்சாலி கை நிறைய வேப்பிலையோடு ஓடி வந்தாள்.

"கொப்புளத்தப் பாத்தா தெரியல? அம்மா எறங்கியிருக்கா. யாராச்சும் கை வெச்சுப் பாருங்க!"

நிசார் அகமது மிஷினைத் திரும்ப வண்டியில் கட்டினார். "அம்மா போனப்புறம் கூப்புடுங்கண்ணா. இப்ப நான் தொட மாட்டேன்." குப்புராஜும் செருப்பைக் கழற்றிவிட்டு இரண்டடி தள்ளி நின்றார்.

4

மரம் பிழைத்தது. ஆனால் அம்மா இருக்கும் மரத்தில் இலை பறிக்கக் கூடாது. பறிக்காவிட்டால் பூச்சி வெளியே வந்து அடுத்த துளிரில் குடியேறும். 'பூச்சிதான்' என்று உடைத்துச் சொன்னால் அம்மா போய்விடுவாள், மிஷின் வந்துவிடும். நிர்மலாதேவியால் மெல்லவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை.

அந்த வீட்டில் வாசல் எந்தத் திசை என்பதிலிருந்து சுவர்ச் சாயம் வரை எல்லாம் மற்றவர்கள் தீர்மானித்தது. மரம் ஒன்றுதான் அவளே ஆசைப்பட்டு வாங்கி நட்டது. அது போனால் அங்கே அவளுடையது என்று எதுவும் இல்லை. (அவள் பெயரைக்கூட நான்தான் வைத்தேன்.)

5

முடிவு அ: நள்ளிரவில் அவள் ஏணி போட்டு...

கூடாது. கதைப் பெண்களை இருட்டில் அலையவிடுவது எழுதுகிறவர்களின் கெட்ட பழக்கம். ஏணி வேறு ஆடுகிறது.

முடிவு ஆ: அவள் பாஞ்சாலியிடம் போகிறாள்.

"அக்கா, கொப்புளம் உள்ள எலைய மட்டும் எடுத்துப்புடலாமுங்களா?"

"எடு. உள்ளாற பூச்சிதான? எம் முந்தானையில கூட விழுந்துச்சு."

"தெரிஞ்சுமா வேப்பில கட்டுனீங்க?"

"மிஷினு வந்து நிக்குது, நீ வாயத் தொறக்கவே காணோம். உனக்கோசரம் நான் வேற என்னாத்தச் சொல்றது?"

நான் பாஞ்சாலியைச் சிரிப்புக்காகத்தான் கதைக்குள் விட்டேன். அவள் இப்படிக் கேட்பாள் என்று எதிர்பார்க்கவில்லை.

6

மறுநாள் காலை, நல்ல வெயிலில், நிர்மலாதேவி ஸ்டூல் மேல் ஏறி நின்று இலை பறித்துச் சாக்கில் போட்டாள். குப்புராஜ் பதறி ஓடி வந்தார்.

"ஏம்மா, அம்மா வந்த மரத்துல கைய வெக்கிற?"

'அம்மாதான் எடுக்கச் சொன்னா' என்று ஒரு பொய்யை அவளுக்காகத் தயாராக வைத்திருந்தேன். அவள் அதைச் சீந்தவே இல்லை.

"இது அம்மா இல்லைங்க, பூச்சி. மாமரத்துக்கு வராது, மலர்விழிகிட்ட கேட்டுட்டேன்." சாக்கைக் கீழே வைத்தாள். "எனக்கு இந்த மரம் வேணுங்க."

இந்தக் கடைசி வரியை நான் எழுதிக் கொடுக்கவில்லை. நான்கு பகுதிகளாகப் பூச்சியையும் அம்மனையும் வைத்துச் சாமர்த்தியம் காட்டிக்கொண்டிருந்தேன். இப்படி நேராகக் கேட்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

குப்புராஜ் மரத்தைப் பார்த்தார். கொல்லைப் பக்கம் பார்த்தார். கையில் போன் இருந்தது. நிசார் அகமதின் எண் அதில் இருந்தது. வாயைத் திறந்தார்.

அவர் வாயில் நான் எந்த வார்த்தையையும் வைக்கப்போவதில்லை. உங்கள் வீட்டிலும் ஒருவர் என்றைக்கோ ஒருமுறை 'எனக்கு வேணும்' என்று கேட்டிருப்பார். அன்று நீங்கள் சொன்ன பதிலையே இங்கே நிரப்பிக்கொள்ளுங்கள்.